நாலாவது ரேஸில் நின்றுபோன ரிவால்வர்

பர்மாவில் க்யிம்யிண்டைங் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பதினெட்டு வருஷமாக வாரண்டி மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். டிரெட்மில், ஸ்டாப் வாட்ச், எடை தூக்கும் பெஞ்ச் என்று எதெதுவோ என் மேஜைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு பழைய ரிவால்வர்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்பும் இருக்கிறது.

ஆளைச் சுடுகிற ரிவால்வர் இல்லை. ஓட்டப்பந்தயம் ஆரம்பிக்கச் சுடுகிற ஸ்டார்ட்டிங் ரிவால்வர். குழல் அடைத்திருக்கும். சுற்றுகிற சிலிண்டரில் பிளாங்க் என்கிற குண்டில்லாத தோட்டா ஆறு போடலாம். சத்தமும் புகையும் மட்டும் வரும். கொரோனாவுக்கு முந்தைய வருஷங்களில் பெரிய பள்ளிக்கூடங்கள் இதை வாங்கும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, வார்டு ஆபீஸில் சொல்லிவிட்டு, விளையாட்டு விழாவன்று மட்டும் வெளியே எடுப்பார்கள்.

முதல் தடவை

ராஜம்மா டீச்சர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினிலிருந்து பஸ் ஏறி வந்தார். அங்கே ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். ஐம்பது வயது, வெயிலில் காய்ந்த முகம், கழுத்தில் எப்போதும் விசில். பள்ளியில் எல்லாரும் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள், டீச்சரம்மா என்று அர்த்தம். துண்டில் சுற்றிய ரிவால்வரையும் வாரண்டி கார்டையும் மேஜையில் வைத்து, இங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் 'மா' சேர்த்து என் பேரைச் சொன்னார்.

"மா சாந்தி, இது நடுவுல நின்னு போவுது. மூணு ரேஸ் நல்லா சுடும். அப்புறம் சிலிண்டர் சுத்தாது. க்ளிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

கார்டைப் பார்த்தேன். எங்கள் கடையில் விற்றதுதான். ஆனால் வாங்கியது ஒரு ஓட்டப்பந்தய கிளப். கிளப் கலைந்தபோது பள்ளிக்கூடம் அவர்களிடமிருந்து வாங்கியிருக்கிறது. கார்டில் தெளிவாகப் போட்டிருந்தது: வாரண்டி ஐந்து வருஷம், சீரியல் நம்பருக்கு, யார் கையில் இருந்தாலும் செல்லும். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

முதலாளி கதிரேசன் அண்ணன் உள்ளேயிருந்தே சத்தம் போட்டார். "செகண்ட் ஹேண்டா வாங்கிப்புட்டு நம்ம தலையில கட்டுறாங்க பாரு! கிளப்புக்காரன் கையில மூணு வருஷம் ஒழுங்காத்தானே இருந்துச்சு?"

"அண்ணே, கார்டுல இப்படித்தான் போட்டிருக்கு."

"கார்டுல ஆயிரம் போட்டிருப்பான்."

எங்களுக்கு ரிப்பேர் பார்ப்பவர் கோ ஸோ. முன்பு இன்சீன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். அவர் ரிவால்வரைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு, வெறும் சிலிண்டரோடு இருபது தடவை ட்ரிகரை இழுத்தார். இருபது தடவையும் சுத்தமாகச் சுற்றியது. "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்று பர்மியத்தில் சொன்னார்.

தோட்டா போட்டுச் சுட்டுப் பார்க்கவில்லை. எப்படிச் சுடுவது? மார்க்கெட் நடுவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் கூட்டம் கலைந்து ஓடும், அரைமணியில் போலீஸ் வாசலில் நிற்கும். நான் ஸ்லிப்பில் 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்ற ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினேன். குறை எதுவும் இல்லை என்பதற்கு எங்கள் மேஜையில் இருந்த ஸ்டாம்ப் அது.

டீச்சர் ஸ்லிப்பை இரண்டு முறை படித்தார். "அப்ப நான் சொல்றது பொய்யா?"

"அப்படி இல்ல டீச்சர். இங்க நல்லா வேலை செய்யுது."

"நான் இங்கயா சுடுறேன்?" என்றார். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

கொரியர், கம்பெனி

விளையாட்டு விழா அன்று அது மறுபடி நின்றது. பெண்கள் நூறு மீட்டர், நாலாவது ரேஸ். டீச்சர் ட்ரிகரை இழுத்தார், க்ளிக். எட்டுப் பிள்ளைகளில் மூன்று பேர் அந்தச் சத்தத்துக்கே பாய்ந்துவிட்டார்கள், மற்றவர்கள் வெடிக்கக் காத்து நின்றார்கள். பெற்றோர்கள் மைதானத்துக்குள் இறங்கிச் சண்டை போட்டார்கள். ரேஸை இரண்டாம் முறை ஓடவிட்டதில் முதலில் ஜெயித்தவள் நாலாவதாக வந்து அழுதாள். இதையெல்லாம் திங்கட்கிழமை என் மேஜை முன்னால் நின்றுகொண்டே டீச்சர் சொன்னார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

சரி, கம்பெனிக்கே அனுப்பிவிடுவோம் என்று முடிவு செய்தேன். கம்பெனி இருப்பது ஐரோப்பாவில். ஈமெயில் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: உங்களுக்கு அருகிலுள்ள அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரை அணுகவும். கீழே ஒரு விலாசம். அது எங்கள் கடை விலாசம்.

அந்தச் சர்வீஸ் சென்டர் நாங்கள்தான் என்று எழுதினேன். அதற்கும் அதே பதில் வந்தது. மூன்றாவது கடிதத்துக்குத்தான் ஒரு மனுஷர் பதில் போட்டார். அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்.

கொரியர் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பெட்டியைத் திறந்ததுமே மூடிவிட்டாள்.

"துப்பாக்கி அனுப்ப முடியாது."

"இது துப்பாக்கி இல்லம்மா. சத்தம் மட்டுந்தான் வரும்."

"அப்படின்னா சத்தத்தை மட்டும் அனுப்புங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் இரண்டு கொரியர் ஆபீஸ் ஏறி இறங்கினேன். கடைசியில் கப்பல் சரக்கில்தான் போகும் என்றார்கள். அதற்குப் பள்ளிக்கூடத்தின் கடிதம், வார்டு ஆபீஸ் கடிதம், போலீஸ் ஸ்டேஷன் கடிதம் வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கஸ்டம்ஸ் கடிதம் கேட்டார்கள். கஸ்டம்ஸில் போலீஸ் கடிதம் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் எத்தனை நாள் நடந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. டீச்சர் அத்தனை கடிதத்துக்கும் தன்லியினிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் பாலத்தில் பஸ் நின்றுபோய், ஆபீஸ் மூடும் நேரத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

ஐந்து மாதம் கழித்து ரிவால்வர் திரும்பி வந்தது. புது ஸ்க்ரூ ஒன்று போட்டிருந்தார்கள். கூடவே ஒரு தாள்: சோதித்தோம், தர வரம்புக்கு உட்பட்டு இயங்குகிறது, கையாளும் முறையைச் சரிபார்க்கவும்.

நான் செய்த தப்பு இங்கேதான். அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்துக்காக நான்தான் பர்மியத்தில் டைப் செய்தேன். 'கையாளும் முறையைச் சரிபார்க்கவும்' என்பதை 'பயன்படுத்துபவரின் கவனக்குறைவு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு ரிவால்வரோடு அனுப்பினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். அலுப்பு. அந்த ரிவால்வர் இனி என் மேஜைக்கு வரக்கூடாது என்ற எரிச்சல். வேறு காரணம் இல்லை.

என் கையெழுத்து

அடுத்த மாதம் டீச்சர் வந்தார். துண்டு இல்லை, ரிவால்வர் இல்லை. நான் டைப் செய்து அனுப்பிய ஸ்லிப்பை மட்டும் மேஜையில் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துத்தானே?"

"ஆமா டீச்சர்."

"பிரின்ஸிபால் மீட்டிங்ல இதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனாரு. இருபத்திரெண்டு வருஷமா நான்தான் ஸ்டார்ட்டர். இனிமே வேற ஆள் சுடுவாங்களாம். சயாமாவுக்குக் கை நடுங்குது போலன்னு ஒருத்தர் சொன்னாரு." இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். "நடுங்குதா, பாருங்க."

நடுங்கவில்லை. அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

"டீச்சர், நீங்க சுடும்போது நான் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்றேன். "சனிக்கிழமை கோ ஸோவையும் கூட்டிட்டு வர்றேன்."

"இதை முதல் நாளே செஞ்சிருக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை தன்லியினுக்குப் போனோம். டீச்சர் வார்டு ஆபீஸில் சொல்லி வைத்திருந்தார். காலி மைதானம், நல்ல வெயில். பிளாங்க் ஆறும் போட்டு, காதில் அடைப்பும் வைத்துக்கொண்டு, ரிவால்வரை என் கையில் கொடுத்தார்.

"நான் சுட்டா என் கை மேல பழி. நீங்களே சுடுங்க."

கையை மேலே தூக்கி இழுத்தேன். வெடித்தது. இரண்டாவது, வெடித்தது. மூன்றாவதற்கு ட்ரிகர் கொஞ்சம் கனத்தது. நாலாவதற்கு விரல் வலிக்க இழுத்தேன். சிலிண்டர் பாதி சுற்றி நின்றது. க்ளிக்.

வாரண்டி மேஜையில் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட சத்தம். அன்றுதான் முதல் தடவையாகக் காதால் கேட்டேன்.

கோ ஸோ வாங்கிப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு எனக்கும் காட்டினார். சுட்ட பிளாங்கின் அடிப்பாகம் சூட்டில் துளி பின்னால் தள்ளிக்கொண்டு வரும். சிலிண்டருக்கும் பின் தகட்டுக்கும் நடுவில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். இந்த ரிவால்வரில் அந்த இடைவெளி போதவில்லை. ஒன்று உரசினால் தெரியாது. மூன்று சேர்ந்து உரசினால் சிலிண்டர் மாட்டிக்கொள்ளும். தோட்டா இல்லாமல் நாள் முழுக்க இழுத்தாலும் இது வெளியே தெரியாது.

"செய்யும்போதே வந்த குறை" என்றார் கோ ஸோ. "நான் வெறும் சிலிண்டரைத்தான் சுத்திப் பாத்தேன்." டீச்சரைப் பார்த்து, பர்மிய வழக்கப்படி கை கட்டித் தலை குனிந்தார்.

கிளப்புக்காரர்கள் ஏன் மூன்று வருஷம் புகார் சொல்லவில்லை என்பதும் அப்போது புரிந்தது. வாரம் ஒரு ரேஸ், இரண்டு ரேஸ் சுட்டுவிட்டுத் துடைத்து வைத்துவிடுவார்கள். ஒரே மூச்சில் ஆறு சுட்டது ராஜம்மா டீச்சர் மட்டுந்தான்.

திருப்பி எழுதியது

கடைக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். ஸ்லிப்பை மாற்றி எழுதப் போகிறேன் என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம கையெழுத்தை நாமளே அடிக்கிறதா? நாளைக்கு அவன் அவன் ஸ்லிப்பைத் தூக்கிட்டு வந்து நிப்பான்!"

"வரட்டும் அண்ணே. தப்பா எழுதினதுன்னா மாத்தித்தான் கொடுக்கணும்."

"கம்பெனியே நல்லா இருக்குன்னு சொல்லிட்டான். நீ என்ன கம்பெனிக்கு மேலயா?"

"கம்பெனி நாலாவது சுட்டுப் பாத்தாங்களான்னு கேக்குறேன்."

கேட்டேன். கோ ஸோ போனில் எடுத்திருந்த வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். இந்தத் தடவை மூன்றே நாளில் பதில் வந்தது. எங்கள் சோதனை முறைப்படி இரண்டு தோட்டா மட்டுமே சுடப்படும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அண்ணன் டீ வாங்கிவரச் சொன்னார், எனக்கும் சேர்த்து.

நானே தன்லியினுக்குப் போய் பிரின்ஸிபால் அறையில் புது ஸ்லிப்பைக் கொடுத்தேன். குறை உற்பத்தியில், பயன்படுத்துபவர் மேல் தவறில்லை, முன்பு எழுதியது என் பிழை என்று எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு, "அப்படியா, நல்லது" என்று ஃபைலில் வைக்கப் போனார்.

"சார், முன்னாடி இருந்த ஸ்லிப்பை மீட்டிங்ல வாசிச்சீங்களாம். இதையும் வாசிக்கணும்" என்றேன். பள்ளிக்கூட பிரின்ஸிபாலிடம் அப்படிப் பேச எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. முகம் சுருங்கியது அவருக்கு. ஆனால் வாசித்தார். டீச்சர்தான் போனில் சொன்னார். "வேகமா வாசிச்சாரு, யாருக்கும் சரியா கேக்கல. பரவாயில்ல, வாசிச்சாரு."

கம்பெனி மாற்று ரிவால்வர் அனுப்பச் சம்மதித்தது. அதற்கு முன்னால், கிளப்புக்கு நாங்கள் கொடுத்த அசல் பில் வேண்டும் என்றது. கலைந்துபோன கிளப்பின் செயலாளரைத் தேடிப் பிடித்தோம். பிறகு பழைய ரிவால்வரை அழித்ததற்கு போட்டோ வேண்டும் என்றது. கோ ஸோ அதைப் பட்டறை வைஸில் இறுக்கி வைத்து அறுத்தார், நான் போட்டோ எடுத்தேன். மறுபடி போலீஸ், மறுபடி கஸ்டம்ஸ். புது ரிவால்வர் கையில் கிடைக்க இன்னொரு ஏழு மாதம். பெட்டிக்குள் புது வாரண்டி கார்டு இருந்தது. வாங்கிய முப்பது நாளுக்குள் பதிவு செய்யவும் என்று போட்டிருந்தது. கப்பலில் வந்ததே அதற்கு மேல்.

அதன் பிறகு 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' ஸ்டாம்பை நான் எடுப்பதில்லை. எந்தச் சாமான் வந்தாலும் ஸ்லிப்பில் எப்படிச் சோதித்தோம், எத்தனை தடவை, எந்த நிலையில், எதைச் சோதிக்கவில்லை என்று எழுதுகிறேன். அண்ணனுக்கு இன்னமும் பிடிக்காது, இத்தனை நீளமாக எழுதினால் வாடிக்கையாளர் பயப்படுவார் என்பார். 'குறை இல்லை' என்று எழுதும் உரிமை நமக்குக் கிடையாது. 'நாங்கள் பார்த்தவரை தெரியவில்லை' என்றுதான் எழுத முடியும். இரண்டுக்கும் நடுவில் ஒருத்தருடைய பேர் கெட்டுப்போகும் அளவு தூரம் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவும் இன்னொருத்தர் பேரைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

புது ரிவால்வரைக் கொடுக்கப் போன அன்று டெலிவரி சலானில் டீச்சர் உடனே கையெழுத்துப் போடவில்லை. மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஆறு சுட்டார். சூடு ஆறுவதற்குள் இன்னொரு ஆறு போட்டு அதையும் சுட்டார். பிறகுதான் பேனா கேட்டார். சலானில் இப்படி எழுதினார்: "பன்னிரண்டு சுட்டேன். பன்னிரண்டும் வெடித்தது." அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் போடுங்க மா சாந்தி. பக்கத்துல நின்னு பாத்தீங்கல்ல."