இட்லிப் பானையோடு பதினொரு கிலோமீட்டர்: கடைத்தெருவில் நடக்க இடம் கேட்டுப் போன கதை

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை ஆறு பத்துக்குத் திருநகரிலிருந்து தல்லாகுளத்துக்கு நடந்தே கிளம்பினேன். பதினொரு கிலோமீட்டர். தோளில் பதினாறு இட்லி வேகும் எவர்சில்வர் பானை. என் வயதில் மதுரையில் வேறு யாரும் இப்படி நடந்ததில்லை. இருந்தால் வந்து சொல்லட்டும்.

எங்கள் கடைத்தெருவுக்குத் தல்லாகுளம் மாநகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு திட்டம் வந்திருந்தது. இரண்டு பக்கமும் எட்டடி நடைபாதை, வண்டியெல்லாம் தெருமுனையோடு சரி. எனக்கு அங்கே பாத்திரக் கடை. கல்லாவில் உட்கார்ந்தவள் என் வீட்டுக்காரி பேச்சியம்மாள். கடை வாசலில் அவளை ஒரு பைக் இடித்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. ஏழு மாதமாகத் தெருவுக்கே வரவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கே விளங்கிய திட்டம், வியாபாரிகள் சங்கத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

சங்கத் தலைவர் பாண்டி அண்ணன் கூட்டத்தில் என்னை மடக்கினார். "ஏப்பா, இட்லிப் பானை வாங்குனவன் அதத் தூக்கிக்கிட்டு முக்கு வரைக்கும் நடப்பானா?"

"நான் தல்லாகுளத்துக்கே நடப்பேண்ணே."

"நட நட. மயங்கி விழுந்தா போன் போடு, ஆட்டோ அனுப்புறேன்."

சிரிப்பில் பந்தல் ஆடியது. கருத்துச் சொல்ல அந்தப் புதன்தான் கடைசி நாள். திட்டம் வேண்டும் என்று மனு எழுதி, பானைக்குள் போட்டு மூடிக் கிளம்பிவிட்டேன்.

ஆறு ஐம்பதுக்குப் பசுமலை. ஏழு நாற்பதுக்குப் பழங்காநத்தம். டீ பதினைந்து ரூபாய், வடை பத்து. அதற்குப் பிறகுதான் சோதனை. நடைபாதை உண்டு, அதன்மேல் பைக், பழவண்டி, விளம்பரப் பலகை எல்லாம் உண்டு, காலுக்கு மட்டும் இடமில்லை. ரோட்டில் இறங்கி நடந்தேன். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"ஏறுங்கண்ணே, பானைக்கு டிக்கெட் வேணாம்."

"வேணாம் மாப்ள."

"அப்ப ஓரமாப் போங்க."

"ஓரத்துல உங்க வண்டிகதான நிக்குது. இம்புட்டுத் தூரம் நடந்தவன் இனியும் நடந்துதான் வாரேன், நீ போ."

எட்டரைக்குப் பெரியார் பஸ் நிலையம், அங்கிருந்து வைகைப் பாலம். பாலம் இறங்கும் இடத்தில் ஐந்நூறு வண்டிகள் எனக்காக அப்படியே நின்றன. சிக்னலுக்கு நின்றன என்று சிலர் சொல்வார்கள். ஒன்பது ஐம்பதுக்கு அலுவலக வாசலில் நான்தான் முதல் ஆள்.

அதிகாரி இளம் வயதுப் பெண். மனுவைப் படித்தார், மேசையில் இருந்த எங்கள் தெருவின் படங்களைப் புரட்டினார். ஒரு படத்தை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கடைதானய்யா? வாளி, குடமெல்லாம் நாலடி வெளிய வந்திருக்கே. இத எப்ப எடுப்பீங்க?"

மதுரையில் என் கடையை என்னைவிட நன்றாகப் பார்த்த ஆள் அந்த அம்மா ஒருவர்தான். அந்த வாளிகளைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கியபோதுதான் பேச்சியை வண்டி இடித்தது. ஏழு மாதமாகப் பைக்குக்காரனைத் திட்டினேனே தவிர, இது என் மண்டையில் ஏறவில்லை.

"நாளைக்குக் காலையில எடுத்துருவேன். எழுதிக்கங்கம்மா," என்றேன். எழுதிக்கொண்டார். மனுவுக்கு ரசீதும் தந்தார்.

மறுநாள் எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினேன். ஒன்பதுக்கு அந்த இடத்தில் பாண்டி அண்ணனின் பைக் நின்றது.

"எடம் சும்மாதானப்பா கெடக்கு?"

"நடக்குறதுக்குக் கெடக்குண்ணே."

அவர் அசையவில்லை. நான் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் பேச்சியிடம் சொன்னேன், வாளி விஷயம் உட்பட. செருப்பை மாட்டினாள். வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவள், பைக் முன்னால் வந்ததும் கையை விட்டாள்.

"அண்ணே, வண்டிய எடுங்க. நான் ரோட்டுல எறங்க மாட்டேன்."

தலைவர் வண்டியைத் தானே உருட்டிக்கொண்டு போனார்.

திட்டம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. என் மனு ஒன்று, வேண்டாம் என்று சங்கம் கொடுத்த மனுவில் நாற்பது கையெழுத்து. இருக்கட்டும். இப்படி மனுவோடு நடக்க நினைப்பவர்கள் ஐந்தரைக்கே கிளம்புங்கள், எட்டுக்கு மேல் வெயில் ஏறிவிடும். கையெழுத்தும் முத்திரையும் உள்ள ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். முதலில் உங்கள் கடை வாசலை அளந்துவிடுங்கள்.

பேச்சி இப்போது தினமும் ஒன்பதரைக்குக் கடைக்கு நடந்து வருகிறாள். அந்த நேரத்தில் எங்கள் வாசலில் எவனாவது வண்டி நிறுத்திப் பார்க்கட்டும்.