ஷூ டப்பாவுக்குள் ஒரு கப்பல்

பயணம் விற்கிற தொழிலில் பெரிய கஷ்டம், சரக்கைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. அதுவும் ஆம்பூரில். தோலைத் தொட்டு, மடக்கி, முகர்ந்து பார்த்தே பழகிய ஊர் இது. பைபாஸ் ரோட்டில் பதினான்கு வருஷமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். கண்காட்சிக்கு இத்தாலி போகிற முதலாளிகள், மெக்காவுக்கு உம்ரா போகிற குடும்பங்கள் என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த கடையில், 'பயணத்தைப் பரிசாகக் கொடுங்கள்' என்று நானாக ஒரு போர்டு மாட்டினேன். கல்யாணத்துக்கு வந்த எட்டு சுவர்க்கடிகாரங்களைப் பரணில் போட்டு வைத்திருக்கும் உங்களுக்கு என் நல்லெண்ணம் புரியும். அதிலும் ஆற்றுக் கப்பல் என்றால் எனக்குத் தனி மோகம். கடல் மாதிரி ஆட்டம் இல்லை, வாந்தி இல்லை. பெட்டியை ஒரு தடவை பிரித்து அடுக்கிவிட்டால் போதும், ஊர்கள் தாமாகவே ஜன்னலுக்கு வந்து போகும். இவ்வளவு நல்ல சரக்கை விற்று நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பெட்டி இல்லாமல் பரிசா?

முதல் வாடிக்கையாளர், நண்பனின் கல்யாணத்துக்குக் கேரளாவில் இரண்டு நாள் படகுப் பயணம் பதிவு செய்தார். வவுச்சரை அழகான கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "மேடையில வெறுங்கவர் நீட்டுனா மரியாதையா இருக்காது மேடம். பெட்டி வேணும்" என்றார். என் கடையில் வேலை பார்க்கும் நஸ்ரீன் சட்டென்று ஒரு ஷூ டப்பாவைக் கொண்டுவந்தாள். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? உள்ளே வவுச்சரை வைத்து, மேலே தங்கக் காகிதம் சுற்றி அனுப்பினோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன். காகிதத்தில் அச்சடித்திருந்த எங்கள் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். சந்தோஷமாக "வாழ்த்துகள்" என்றேன். அவர் சொன்னார்: "மேடம், டப்பாவுல உங்க கடை பில்லு மட்டும்தான் இருக்கு. ஷூவை மண்டபத்துலயே எவனோ அடிச்சிட்டான். சைஸ் ஒன்பது. இன்னொரு ஜோடி கெடைக்குமா?"

தண்ணி இருக்குமா?

ஆற்காட்டில் அரிசி மண்டி வைத்திருக்கும் கோவிந்தசாமிக்கும் அவர் மனைவிக்கும் அவர்கள் மாப்பிள்ளை ஜெர்மனியில் ஒரு வாரம் ஆற்றுக் கப்பல் பரிசளித்தார். கோவிந்தசாமி நேரே என்னிடம் வந்துவிட்டார். வறண்ட பாலாற்றைப் பார்த்தே அறுபது வயது கடந்தவர். "ஆத்துல தண்ணி இருக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. படத்தைக் காட்டினேன். "மழை பேஞ்ச மறுநாள் எடுத்திருப்பாங்க" என்றார். வருஷம் முழுக்க ஓடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வருஷம் பூரா ஓடுனா, அந்தாண்ட இருக்கிறவன் எப்படிம்மா நடந்து இந்தாண்ட வருவான்?"

எப்படியோ அனுப்பிவைத்தேன். அந்தக் கோடையில் அங்கே மழை பொய்த்தது என் கெட்ட நேரம். பயணத்தின் நாலாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். குரலில் அப்படி ஒரு பெருமை! "மேடம், ஆத்துல தண்ணி கம்மியாம். கப்பல் நின்னுபோச்சு. எல்லாரையும் பஸ்ல ஏத்தி கூட்டிட்டுப் போறாங்க. நான் அன்னிக்கே கேட்டேனா இல்லியா?"

இரண்டு பாஸ்போர்ட்

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் ஜமீல் பாயின் மனைவி சுரையா ஒரு திங்கட்கிழமை வந்தார். முப்பதாவது திருமண நாளுக்குக் கணவரைப் பினாங்குக்கு அழைத்துப் போக வேண்டும், அங்கே அவருடைய பழைய தோஸ்த் இருக்கிறார், விஷயம் பாய்க்குத் தெரியக்கூடாது என்று சொல்லி, இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பாய் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. அதே திருமண நாளுக்கு மனைவிக்கு நைல் நதிக் கப்பலாம். அவருடைய திட்டமும் ரகசியம். "ஆனா ஒரே பேஜாரா போச்சும்மா. பீரோவுல ரெண்டு பாஸ்போர்ட்டும் காணோம். அவளுக்குத் தெரிஞ்சா பயந்துடுவா. நேரா ஸ்டேஷன் போய் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்தார். பாஸ்போர்ட்டுகள் என் மேஜை டிராயரில், என் முழங்காலுக்கு நேரே இருக்கின்றன. அவர் எழுதிக் கொடுத்தால் அவை செல்லாமல் போய்விடும். நஸ்ரீனிடம் கண்ணைக் காட்டி, டீ வாங்கித் தந்து அவரை உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய் சுரையாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். "முப்பது வருஷத்துல அவரா யோசிச்சு வாங்குற முதல் கிஃப்ட்டும்மா இது. என்னுதைத் தள்ளிப் போட்டுடுங்க. பாஸ்போர்ட்டு அரிசி டிரம்முல இருந்துச்சுன்னு நான் சமாளிச்சுக்கிறேன். ஆச்சரியப்படுற மாதிரி முகம் வெச்சுப் பழக எனக்கு ரெண்டு நாள் டைம் மட்டும் வாங்கிக் குடுங்க."

முழங்காலுக்குக் கீழே ஐரோப்பா

சேகர், ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் தரப் பரிசோதனை செய்தவர். பிள்ளைகள் அவருக்கும் மனைவிக்கும் நாலு நாடுகளைத் தொட்டுப் போகும் கப்பலைப் பரிசளித்தார்கள். திரும்பி வந்ததும் இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். சேகர் போனை நீட்டி, "படம் பாருங்க" என்றார். தள்ளினேன், தள்ளிக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஷூ. கப்பல் கேப்டனின் ஷூ, தேவாலய வாசலில் நின்ற பாதிரியாரின் ஷூ, கட்டிப்பிடித்து நின்ற காதலர்களின் நாலு ஷூ. கப்பலில் சோபாவைத் தோல் என்று சொன்னார்களாம். இவர் மூலையை நகத்தால் சுரண்டி ரெக்ஸின் என்று நிரூபித்து, ஊழியர்களிடம் அரை மணி நேரம் வகுப்பெடுத்திருக்கிறார்.

"கோட்டை, அரண்மனை எதுவும் எடுக்கலையா சார்?" என்று கேட்டேன். அவர் மனைவி பதில் சொன்னார்: "நாலு நாடு போனோம் மேடம். இந்த மனுஷன் ஒருத்தரைக்கூட முழங்காலுக்கு மேல பாக்கல."

ஜெயமேரி சும்மா இருந்தது

ஜெயமேரி அக்கா ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஓய்வு பெற்றபோது, செக்‌ஷன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஆலப்புழையில் படகுவீடு பதிவு செய்தார்கள். அவர் வேண்டாமென்று சொல்ல வந்தார். "சின்னப் பொண்ணுங்க யாருக்காவது பேரை மாத்திக் குடுத்துடும்மா. போட்டுல எனக்கு இன்னா வேலை?"

"வேலை இல்லைக்கா. சும்மா உக்காந்துட்டு வரணும்."

"சும்மாவா? எம்மா நேரம்?"

"ரெண்டு நாள்."

தண்டனை கேட்டவர் மாதிரி விழித்தார். பேரை மாற்ற முடியாது என்று ஒரு பொய்யைச் சொல்லி, தங்கையோடு அனுப்பிவைத்தேன்.

அடுத்த வாரம் வந்தார். முதல் நாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து பாத்திரம் கழுவப் போயிருக்கிறார். சமையல்காரர் அக்காவின் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். இரண்டாம் நாள் வேறு வழியில்லாமல் முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "கரையில பொம்பளைங்க துணி தொவைச்சிட்டு இருந்தாங்க. நான் உக்காந்த எடத்துலயே அவங்களைத் தாண்டிப் போனேம்மா. கை ஆட்டுனேன். சோப்புக் கையோட அவங்களும் ஆட்டுனாங்க."

இத்தனை பேரைக் கப்பலேற்றிவிட்ட எனக்கு, போன திருமண நாளுக்கு என் வீட்டுக்காரர் யோசித்து யோசித்து வாங்கித் தந்தது ஐந்து லிட்டர் குக்கர் என்பதையும் சேர்த்தால்தான் இந்தத் தொழிலின் கதை முழுமையாகும்.