எங்கள் வீட்டு முறையும் ஒல்லாந்தர் பள்ளிக்கூடமும்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் நடத்திய ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஏன் மூடிப்போனது என்று கேட்டால், "மீன் புடிக்கிறவன் புள்ளைக்குப் படிப்பு ஏறுமா? ஒருத்தனும் வரல, மூடிட்டாங்க" என்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருவரும் அந்த வாசலை மிதித்ததில்லை. நான் மிதித்தவன். ஒல்லாந்து இலக்கணம் எனக்கு ஏறவில்லை என்பது வாஸ்தவம். அது என் மண்டையின் குற்றம், எங்கள் குப்பத்தின் குற்றமல்ல.

ஏரியில் எங்களுக்குப் பாடு முறை உண்டு. நல்ல இடத்தில் வலை கட்டும் உரிமை வீடு வீடாகச் சுற்றி வரும். முறை நாளில் போகாவிட்டால் போனதுதான். உரிமை வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. அண்ணன் காய்ச்சலில் படுத்தால் தம்பி போவான், யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்படி ஒரு முறை நாளில் வலை பிடிக்க ஆளில்லாமல் நைனா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்து இடம் வீணாகக்கூடாதே என்று, வலை இழுக்க வலுப் பற்றாத சித்தப்பா மகனைக் குளிப்பாட்டி என் இடத்தில் உட்கார அனுப்பினார். நான் ஒரு மாதமாக முக்கியும் வராத பாடத்தை அவன் அன்றே ஒப்பித்துவிட்டான். அதனால்தான் மாட்டினோம்.

மறுநாள் வாத்தியார் நைனாவை வரவழைத்தார். அவர் பேசியதைக் கோட்டை துபாஷி தமிழில் சொன்னார்.

"ஆள்மாறாட்டம் பண்ணியிருக்கே. உன் பையனைத் தள்ளியாச்சு."

"இன்னா மாறாட்டம் சாமி? எங்க வூட்டுக்கு ஒரு இடம் குடுத்தீங்க. எங்க வூட்டுப் புள்ளதான குந்திச்சு?"

"இடம் இவனுக்கு. வீட்டுக்கு இல்ல."

"அந்தப் பையன் நல்லா சொன்னானாமே, அவனையாவது வெச்சிக்குங்க. இவனை நான் இட்டுக்கினு போறேன். நண்டுகூட இவனப் பார்த்து ஓடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துபாஷி சிரிக்கவில்லை. வாத்தியாரிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"ரெண்டு பேரும் வரக்கூடாது. பொய்க்காரக் கூட்டம்."

அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "நாளைக்கு நம்ம புள்ளயும் பொய்யன்னு பேர் வாங்கணுமா?" என்று ஒவ்வொரு வீடும் பிள்ளையை நிறுத்திக்கொண்டது. மிச்சமிருந்த கோட்டை உத்தியோகஸ்தர் பிள்ளைகளையும், அப்பன்மாருக்கு வேறு ஊர் மாற்றலாகக் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. வாத்தியார் கொஞ்ச நாள் காலிப் பலகைகளைக் காவல் காத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

சித்தப்பா மகன் இப்போது கையால் இறால் தடவுகிறான். இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடி அந்த ஒரு நாள் பாடத்தை இன்னும் முணுமுணுக்கிறான். அர்த்தம் கேட்டால் தெரியாது என்கிறான். அதைச் சொல்லிக்கொடுக்க இரண்டாவது நாள் என்று ஒன்று வேண்டியிருந்தது, அய்யா.