கதாநாயகனின் கால்கள் வரும்வரை

எண்பதுகளில் நானும் ஒரு சினிமா நட்சத்திரம். சிரிக்காதீர்கள். கோலாலம்பூர் பக்கம், அசாம் ஜாவா என்ற ஊரை அடுத்த எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு மெட்ராஸிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். கதாநாயகனின் சின்ன வயது வேடத்துக்குக் கூட்டி வந்த பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளில் வேகமாக ஓடுகிறவள் நான்தான். வயது ஒன்பது. பார்பரைக் கூப்பிட்டு என் சடையை வெட்டி, அரைக்கால் சட்டையை மாட்டிவிட்டு, ஓடு என்றார்கள். ஓடினேன்.

கோலாலம்பூரிலிருந்து அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்க வந்த ஏற்பாட்டாளர், போகும்போது என் கன்னத்தைத் தட்டினார். "முடிய வளத்துடாத பாப்பா. அடுத்த படத்துக்கும் நீதான்லா." அவருக்கு அது வாய்ப்பேச்சு. எனக்கு வேதவாக்கு.

படத்தைக் கிராணி வீட்டு வீடியோவில் பார்த்தோம். தோட்ட ஆபீஸ் கணக்கெழுதுகிற அவர் வீட்டில் மட்டும்தான் அந்தப் பெட்டி இருந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே நான் ஓடுகிறேன். பதினொரு எட்டு. பன்னிரண்டாவது எட்டில் என் கால்கள் கதாநாயகனின் கால்களாகிவிட்டன. விசில் பறந்தது. நான் மட்டும் இன்னும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் இரண்டு வருஷம் மாதம் தவறாமல் முடி வெட்டிக்கொண்டேன். பெண் பிள்ளைகள் கயிறு தாண்டும் இடத்துக்குப் போனால், "தம்பி, அந்தப் பக்கம் போடா" என்று விரட்டினார்கள். பந்து விளையாடப் போனால் பையன்கள், "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேல?" என்றார்கள். சரிதான் போங்கள் என்று தோட்டத்து முகப்பில் போய் உட்கார்ந்துகொள்வேன். லோரி வரும், கிராணியின் மோட்டார் சைக்கிள் வரும். கார் வராது. தனியாக இருந்தேன் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. காத்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் அம்மா அடியோடு மறுத்துவிட்டார். "போதும்டி, லயமே சிரிக்குது." பட்டினி கிடந்து பார்த்தேன், மசியவில்லை. முடி தோளைத் தாண்டியது. நானும் கிடுகிடுவென்று வளர்ந்தேன். முகப்பில் உட்காரும் பழக்கம் மட்டும் விடவில்லை.

கார் அப்போதுதான் வந்தது. அதே ஏற்பாட்டாளர். இறங்கி நேராக என்னிடமே வந்தார்.

"ஏம்மா, இங்க ஒரு பையன் இருந்தான்ல, படத்துல ஓடுனானே? அவன் வீடு எது?"

நான் பெண் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கையை இடுப்புக்குச் சற்று மேலே வைத்து, "இவ்ளோதான் இருப்பான்" என்று உயரம் காட்டினார். எழுந்து நின்றேன். அந்தக் கை என் நெஞ்சுக்குக்கூட எட்டவில்லை.

நான்தான் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்னை மேலும் கீழும் பார்ப்பார், அவர் முகம் சுருங்கும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"அவன் வளந்துட்டான் அங்கிள்."

"அடடா" என்று உச்சுக்கொட்டிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனார்.

வீட்டில் அம்மா, "யாருடி கார்ல?" என்று கேட்டார்.

"வழி கேட்டாங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வழி சொன்னதற்கு எதற்கடி அழுகிறாய் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.