நீட்டிய கை

ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், டாக்டரின் முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கை நடுங்கியதில் பொத்தான் துளையில் நிற்காமல் நழுவியது. அவர் முன்கையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

“கோழியப் பிடிக்கிற மாதிரியா பிடிக்கிறது?” என்றார் டாக்டர்.

“கோழி இவ்வளவு பேசாது. அந்தக் கையக் குடுங்க.”

முப்பது வருஷம் ஆபரேஷன் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று அவருக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவள். திட்டு வாங்கியிருக்கிறாள், திருப்பியும் கொடுத்திருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு, நடுக்குவாதம் வந்த அவரைப் பார்த்துக்கொள்ள வந்தாள். சம்பளம் பேசித்தான் வந்தாள். யாராவது தியாகம் என்றால் அவளுக்கு எரிச்சல் வரும்.

அன்று மாலை கல்லூரியில் விழா. பழைய மாணவர்கள் நிதி திரட்டி, டாக்டர் பெயரால் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பதவி ஒன்றை நிரந்தரமாக ஏற்படுத்தியிருந்தார்கள். அதில் முதலில் அமர்பவள் அவரிடமே படித்தவள். அவளை வாழ்த்தி அவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

“நான் வரல. கத்தி பிடிச்ச கை இது. ஆடறத எல்லாரும் பாக்கணுமா?”

“வரலன்னா போட்டோவ வச்சிடுவாங்க. பாக்கறவங்க போய்ச் சேந்துட்டாருன்னு நினைச்சுக்குவாங்க.”

டாக்டர் ஷூவுக்குக் காலை நீட்டினார்.

மேடையில் வீல் சேரில் கைகளைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தது. மைக்கை சிஸ்டர்தான் அவர் வாயருகே பிடிப்பதாக ஏற்பாடு. டாக்டரோ பழக்க தோஷத்தில், திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் நீட்டினார். அவளுக்கும் அதே தோஷம். கருவி வந்து சேர்ந்தது பார்க்காத கைக்குத் தெரிய வேண்டுமென்று தியேட்டரில் ஓங்கித்தான் வைப்பார்கள். மைக்கையும் அப்படியே வைத்தாள். ‘டப்’பென்று அரங்கமே அதிர்ந்தது.

சிஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்வரிசை சர்ஜன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“பாத்தீங்கல்ல? முப்பது வருஷமா இந்தம்மாகிட்ட இந்த அடிதான்,” என்றார் டாக்டர். மைக் ஆடிக்கொண்டுதான் இருந்தது. “கை நடுங்குது. நாக்கு இன்னும் நடுங்கல. கேளுங்க.”

இரண்டு வார்த்தை அரை மணி நேரம் ஓடியது.

கடைசியில் புதிய பேராசிரியர் அவர் பக்கத்தில் குனிந்தாள். “சார், நாளைக்கு என் முதல் வகுப்பு. வந்து உட்காருங்க.”

“சும்மா உட்கார மாட்டேன். குறுக்க பேசுவேன்.”

“அதுக்குத்தான் சார் கூப்பிடறேன்.”

மறுநாள் காலை சிஸ்டர் வீல் சேரை வகுப்பின் முன்வரிசையில் நிறுத்தி பிரேக்கைப் போட்டாள். டாக்டர் இரண்டு கைகளையும் மேஜைமேல் எடுத்து வைத்தார். பேராசிரியர் வாயைத் திறந்ததுமே, “சத்தமா பேசும்மா,” என்றார்.