பாடாங் மேஹா வரை எத்தனை தலை?

“தங்கச்சி, ஒன் பேப்பர்ல பஸ் கூலிம்லயே நெறஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு. இங்க திரும்பிப் பாத்தா பாதி சீட்டு காத்து வாங்குது. நான் எத நம்பறது, பேப்பரையா, என் கண்ணையா?”

மணியம் அண்ணன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். கத்தினால்தான் பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டுச் சமையலறை வரை கேட்கும் என்ற நினைப்பில் போனில் பேசுவார். அடுத்தவர் அனுப்பும் கோப்பைப் பிரித்து, மாற்றி, அடுக்கிக் கொடுப்பது என் தொழில். அதில் மாறாமல் அப்படியே என்னிடம் வந்து சேர்வது திட்டு ஒன்றுதான். வீட்டிலிருந்து கணினி வேலை பார்க்கும் என் சக கஷ்டவாளிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

தொழிற்சாலை அலுவலகம் தினமும் சாயங்காலம், மறுநாள் ஷிப்டுக்கு எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு அனுப்பும். கோப்பை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி என்ற கணினி மொழியில் அதை ஓட்டுநர் படிக்கும் தாளாக மாற்ற வேண்டும். பண்டார் பாருவில் இத்தனை பேர், கூலிமில் இத்தனை பேர், கடைசியாகப் பாடாங் மேஹா. பக்கத்துக் கட்டத்தில், அதுவரை பஸ்ஸில் மொத்தம் எத்தனை பேர் என்று வர வேண்டும். அந்த ‘அதுவரை மொத்தம்’தான் என் உயிரை வாங்கியது.

முதல் பஸ்ஸின் சுமை

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த மகராசன், “இதற்கு முன் உள்ள அனைத்தையும் கூட்டு” என்று எழுதி வைத்துவிட்டுப் பினாங்குக்குப் போய்விட்டார். அனைத்தும் என்றால் முதல் பஸ்ஸில் ஏறியவர்களும் சேர்த்திதானே! இரண்டாவதாக வரும் மணியம் அண்ணன் பஸ் கிளம்பும்போதே முதல் பஸ்ஸின் கூட்டம் அதன் தலையில் ஏறிக்கொண்டது. அதே பஸ்ஸின் முந்தைய நிறுத்தங்களை மட்டும் கூட்டும்படி மாற்றினேன். தீர்ந்தது.

அப்புறம்தான் உறைத்தது. அந்தத் தப்பான தாளின்படி, பாடாங் மேஹாவில் ஏறும் லெட்சுமிக்கு இடமே இல்லை. எஸ்டேட் ரோடு மெயின் ரோட்டைத் தொடும் சிம்பாங்கில் தனியாக நிற்கிற பெண். மோட்டார் சைக்கிள் கிடையாது, அந்த நேரத்துக்கு வேறு பஸ்ஸும் கிடையாது. “அண்ணே, அவள விட்டுட்டா போனீங்க?” என்று பதறிக் கேட்டேன். அந்த மனிதருக்கு இன்றைக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

“பேப்பர் என்னமும் சொல்லட்டும் தங்கச்சி. அந்தப் பொண்ணு அங்க நிக்குது லா, நான் எப்படி நிறுத்தாம போறது?”

கான்வென்ட் வரிசை

பஸ் முதலாளி ஒரு மாதத்துத் தாள் முழுவதையும் ஒரே கோப்பில் கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் கணினி மேலேயிருந்து மறுபடி கூட்டிக்கொண்டு வந்தது. அது முடிப்பதற்குள் நான் சோறு வடித்துவிடலாம். ஒரு பெட்டியில் சைபர் போட்டு, வரவரக் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்று பார்த்தேன். இந்த மொழியில் அது நடக்காது. ஒருமுறை வைத்த மதிப்பு வைத்ததுதான், மாற்ற விடாது. என் மாமியாரைவிடப் பிடிவாதம்.

அலுவலகத்தில் ஸ்டெல்லா என்றொரு பெண் இருக்கிறாள். நான் படித்த கான்வென்டில்தான், பல வருஷம் தள்ளிப் படித்தவள். சுற்றுலாவுக்கு பஸ் ஏறும்போது சிஸ்டர் எங்களை எப்படி எண்ண வைப்பார் என்று கேட்டாள். ஒருத்தி தன் எண்ணைச் சொல்வாள். பின்னால் நிற்பவள் அதோடு ஒன்று கூட்டிச் சொல்வாள். யாரும் முதலிலிருந்து எண்ண மாட்டோம். என்னை வாயை மூடச் சொன்னவர்கள் ஏராளம்; நான் நன்றி சொன்னது இவள் ஒருத்திக்குத்தான்.

“சேத்து வைக்காதீங்கக்கா. முன்னாடி இருந்து வந்த எண்ணிக்கையோட ஒங்களதக் கூட்டி, அடுத்தவகிட்ட குடுத்துட்டு வாய மூடிக்கிட்டு நில்லுங்க.”

காலிக் கட்டம்

ஒருநாள் கூலிமுக்குக் கீழே ஒரு மொத்தமும் வரவில்லை. வரிக்கு வரி ‘இது எண் அல்ல’ என்று கணினி கையை விரித்தது. கூலிம் கட்டத்தை அலுவலகத் தம்பி காலியாக விட்டிருந்தான். ஓர் இடத்தில் ஒன்றும் இல்லையென்றால், அதற்கு அப்புறம் வரும் எல்லாக் கூட்டலும் பாழ். சைபர் என்றால் யாரும் ஏறவில்லை, காலி என்றால் நீ சொல்ல மறந்துவிட்டாய், இரண்டும் ஒன்றல்ல என்று அவனுக்கு வகுப்பே எடுத்தேன். பொறுமையாகத்தான் கேட்டான், பாவம்.

“ஆளே ஏறாத எடத்துக்கு நான் என்னத்தக்கா எழுதறது?”

கணக்கு சரியான பிறகு

எல்லாம் திருத்தி முடித்த பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது. கூலிமில் புதிதாக ஆள் எடுத்தார்கள். தாள் இப்போது அப்பழுக்கில்லாமல் காட்டியது: பாடாங் மேஹா வரும்போது இருக்கைகளைவிட ஒரு தலை அதிகம். அந்தத் தலை லெட்சுமி. ரோட்டில் பிடித்தால் லைசென்ஸ் போய்விடும், இனி அங்கே நிறுத்த வேண்டாம் என்றார் முதலாளி.

தினமும் யாராவது ஒருவர் வராமல் இருக்கிறார், ஆனால் சொல்வதில்லை. அந்தக் காலி இருக்கையில்தான் அவள் உட்கார்ந்து வருகிறாள் என்று மணியம் அண்ணன் அவளுக்காக வாதாடினார். முதலாளி கொஞ்சம் இறங்கி வந்தார், அவருக்கும் நன்றி. வராதவர் முந்தின நாளே சொல்லி, தாளில் மொத்தம் அடங்கினால் பஸ் நிற்கும், இல்லையென்றால் நிற்காது. இதை லெட்சுமியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன்.

“இத்தன நாளு ஏத்திக்கிட்டு வந்ததுக்கே புண்ணியம்க்கா. லீவு போடறவங்க ஒரு ஆளாவது வாயத் தொறந்து சொன்னா, எனக்கு வேல நெலைக்கும்.”

ஆக, தோழிகளே, கூட்டுவதற்குக் கணினி போதும், ஒரு தலையைக் கழிப்பதற்குத்தான் மனிதர்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. இன்று சாயங்காலம் பஸ் வாட்சாப் குழுவில் எழுதிப் போட்டேன்:

“நாளைக்கு யாரு வரல? தயவுசெஞ்சு இப்பவே சொல்லுங்க லா. பாடாங் மேஹாவுல ஒருத்தி நிப்பா.”

எல்லாரும் படித்துவிட்டதாக நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.