நெடுக்குக் கோடு, குறுக்குக் கோடு

கல்யாணமாகிக் கோவிந்தாபுரத்துக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். காலில் தோல்வார், வளைந்த மூக்கு, சாப்பாட்டுக்கு ஓணான். என் வீட்டுக்காரர் வளர்த்த வல்லூறைத்தான் சொல்கிறேன். காலையில் கண் விழித்ததும் அவர் முதலில் போய்ப் பார்ப்பது பின்கட்டுக் கொட்டகையில், வளைத்து நட்ட மூங்கிலின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த மகாராணியை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அந்தப் பறவையோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முதல் வாரமே சபதம் எடுத்தேன். அது என் சபதத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

எங்களுடையது துணிக்கடைக் குடும்பம். பொள்ளாச்சிப் பக்கத்து வண்டிக்காரர்களும் கொல்லங்கோட்டுப் பக்கத்து மலையாளிகளும் எங்கள் கடைப் பலகையில் ஒன்றாக உட்கார்ந்து துணி பார்ப்பார்கள். மாமனார் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, இன்ன ஊர்த் தறி என்று அடித்துச் சொல்வார். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

அறுவடை முடிந்த வயலில் காடை பிடிப்பதற்குத்தான் அந்த வல்லூறு. பழகியதும் ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் சொந்த வயலுக்கு என்னையும் கூட்டிப் போனார். தாளடியிலிருந்து காடை ஒன்று விருட்டென்று எழும்ப, அவர் 'பிஸ்மில்லா' சொல்லிக் கையை வீசினார். அப்படிச் சொல்லி விட்டால்தான் அது பிடித்ததை நாங்கள் சாப்பிடலாம். வல்லூறு தரையோடு தரையாகப் போன வேகத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவர் திரும்பி வந்து, இந்தச் சாதியில் பெண்தான் பெரிசு, பெண்தான் தைரியசாலி, ஆண் அதைக் கண்டால் நாலடி தள்ளித்தான் உட்காரும் என்றார். அதைக் கேட்ட பிறகு என் சபதம் போன இடம் தெரியவில்லை.

மழைக்கால ஆரம்பத்தில், மலை மேல் வண்டன்மேட்டில் கடை வைத்திருந்த அவருடைய சித்தப்பா கால் முறிந்து படுத்துவிட்டார். ஏலக்காய்ப் பறிப்பு தொடங்கினால் தோட்டத்து ஆட்கள் கையில் காசோடு துணி வாங்க வருகிற இடம் அது. கடையைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரர் புறப்பட்டார். பஸ் ஏறும் இடத்தில் புதுப் பெண்டாட்டியிடம் அவர் பேசியது முழுக்க இதுதான்.

"நல்லாத் தீனி போடு. பறக்க விடாதே. எறகு கொட்டும், பயந்துக்காதே. அது முடியற வரைக்கும் கொட்டாய்க்குள்ள உன்னைத் தவிர யாரும் போகக்கூடாது. மிரண்டு அடிச்சுதுன்னா முளைக்கற எறகு ஒடிஞ்சு ரத்தம் வந்துரும்."

பஸ் நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி, "நீயும் வேளா வேளைக்குச் சாப்பிடு" என்றார். எனக்கு இரண்டாம் இடம்தான், ஆனாலும் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் நடந்தேன்.

அவர் சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து நடத்தினேன். கொட்டகைக்குத் தட்டி கட்டினேன், சாக்குத் திரை போட்டேன். என் வயதுக்காரியான நாத்தனாரும் நானும் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு வேலி வேலியாக ஓணான் பிடித்தோம். துணிக்கடை வீட்டு மருமகள் முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஓணானுக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துத் தோப்பு மலையாளிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கறி வாங்கும் நாளில் கொழுப்பில்லாத துண்டு மகாராணிக்குப் போகும். மாமனாருக்கு எலும்பு வரும். நாத்தனார் கொட்டகை வாசலோடு நின்றுகொள்வாள். ஒருமுறை அது அவளைப் பார்த்துச் சிறகை விரித்ததிலிருந்து உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இறகு கொட்டத் தொடங்கியது. முதலில் சிறகில் ஒன்று, பிறகு அதற்கு ஜோடியாக இன்னொரு சிறகில் ஒன்று. அவர் சொல்லிவிட்டுத்தானே போனார் என்று தைரியமாகத்தான் இருந்தேன். ஆனால் கொட்டிய இடத்தில் முளைத்ததைப் பார்த்ததும் கிட்டப் போய் இன்னொரு தரம் பார்த்தேன். பழுப்புக்குப் பதிலாகச் சாம்பல். இதை அவர் சொல்லவில்லையே. ஒரு வாரம் கவலைப்பட்டேன். பிறகு கவலை போய், அதுவே எனக்குப் பைத்தியமாகிவிட்டது. விடிந்ததும் ஓடிப்போய், இன்றைக்கு எது புதுசு என்று தேடுவேன். தோளில் ஒரு சாம்பல், முதுகில் இரண்டு. நெஞ்சில் மேலிருந்து கீழாகக் கண்ணீர் வழிந்தமாதிரி இருந்த பழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகப் போய், அந்த இடத்தில் செங்கல் நிறத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் வந்தன. மஞ்சளாக இருந்த கண் மெதுமெதுவாக ஆரஞ்சாகியது. நடுவில் சில வாரம் அவள் பாதி பழசும் பாதி புதுசுமாகப் பார்க்கச் சகிக்காமல் இருந்தாள். அப்போதும் அந்த மிடுக்குக்கு மட்டும் குறைச்சல் இல்லை. நான் அவளிடம் பேசினேன், பாடினேன், மாமியைப் பற்றிக் கோள்கூடச் சொன்னேன். அந்த மழைக்காலத்தில் நான் இருந்த சந்தோஷத்துக்குக் கணக்கே இல்லை.

ஓணத்து வியாபாரமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் மாமனார் பின்கட்டுக்கு வந்தார். அதற்குள் ஏறக்குறைய எல்லா இறகும் வந்துவிட்டிருந்தது. வாலின் நடு இறகு இரண்டு மட்டும் பாக்கி. இனி மிரளாது என்று நானே சாக்கை விலக்கிப் பெருமையாகக் காட்டினேன். மாமனார் வெகுநேரம் பார்த்தார்.

"இதைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டா கண்ணு" என்றார்.

கையில் துணி சுற்றி, அதன் மேல் அவளை ஏற்றி முற்றத்துக்குக் கொண்டுவந்தேன்.

"இது எப்ப வந்துது?"

"எப்ப வந்ததுங்களா? இது இருந்ததுதானுங்களே மாமா."

"கண்ணு, நான் முப்பது வருசமாத் துணி விக்கிறேன். சாயம் வெளுக்கும், ஒத்துக்கறேன். கட்டம் மங்கும், அதையும் ஒத்துக்கறேன். நெடுக்குக் கோடு குறுக்குக் கோடா மாறி எந்தச் சலவையிலயும் பாத்ததில்லை. பாவுல ஓடுன கோடு ஊடைக்கு எப்படி வரும்? இது வேற சரக்கு."

நான் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றாக மாறியது, என் கண்ணால் பார்த்தேன் என்று மன்றாடினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பறந்து போயிருச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவர் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. மாமி என் தலையைத் தடவி, "போனது போச்சு புள்ளெ. எங்கியோ அலைஞ்சு இன்னொன்னு புடிச்சு வெச்சிருக்கியே, அந்த மனசு யாருக்கு வரும்" என்றார். நாத்தனார் மட்டும் தனியாக வந்து, "ஓணானெல்லாம் நாந்தானே புடிச்சுக் குடுத்தேன், எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல மச்சி" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். அண்ணன் பெண்டாட்டியை எங்களில் மச்சி என்போம். வீடு மொத்தமும் என் பக்கம்தான் இருந்தது. நம்புவதற்குத்தான் ஆளில்லை. அழுதேன், சண்டை போட்டேன், கிணற்றடியில் ஒரு குடத்தை நசுக்கினேன். "பாவம், பயத்துல இருக்குது" என்று இன்னும் கொஞ்சம் அன்பாக நடந்துகொண்டார்கள். கொட்டகைக்குள் யாரையும் விடாமல் காவல் இருந்தது நான்தான். எனக்கு ஒரு சாட்சியும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். என் வீட்டுக்காரரும் நம்பாவிட்டால்? கல்யாணமாகிச் சேர்ந்து இருந்தது கொஞ்ச நாள். பெண்டாட்டி எப்படிப்பட்டவள் என்று அவருக்கு இன்னும் தெரியாது. பறவையைத் தொலைத்துவிட்டு வேறொன்றைக் காட்டி ஏமாற்றுகிறவள் என்று ஒருமுறை மனதில் பட்டுவிட்டால், பிறகு நான் சொல்லும் எந்த வார்த்தையையும் அவர் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குவார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவர் வந்து இறங்கினார். சட்டை, தலைமுடி, டிரங்குப் பெட்டி எல்லாம் ஏலக்காய் வாசம். அவரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு இளித்தபடி நின்றேன். அவர் வாயைத் திறந்து பறவையை விசாரிப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"சீக்கு வந்து போயிருச்சுப்பா. உம்பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்லை."

அதே நேரத்தில் அடுப்படியிலிருந்து மாமி, "காட்டுப்பூனை அடிச்சுருச்சு தம்பி, இந்தப் புள்ளை என்ன பண்ணுவா" என்றார்.

"நாந்தான் அண்ணே கதவைத் தெறந்து வெச்சுட்டேன். பறந்துருச்சு" என்றாள் நாத்தனார்.

ஒரே பறவை செத்தும் போய், பூனை வாயிலும் போய், பறந்தும் போயிருந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். அவர் முகம் சுண்டிப்போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் கொட்டகைக்கு ஓடினேன். கையில் துணியைச் சுற்றி, அவளை ஏற்றிக்கொண்டு வந்து முன்னறையில் அவருக்கு நேராக நின்றேன். அவள் புது உடுப்பில் கல்யாணப் பெண்ணாட்டம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் எழுந்து நின்றார். வாய் பிளந்திருந்தது.

"பாவம்பா, அந்தப் புள்ளை எங்கிருந்தோ கொண்டாந்து..." என்று மாமனார் தொடங்கினார்.

என் வீட்டுக்காரர் தன் தகப்பனாரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "அத்தா, மொத வருசந்தான் பழுப்பு. எறகு மாத்துன பொறகு இதுதான் நெறம். இனிச் சாகற வரைக்கும் இதே. நான் சொல்லலியா?"

"சொல்லலை" என்று நாலு பேரும் சொன்னோம்.

எனக்கு அப்படியே மேலே பறந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் மாமனார் லேசில் மசிகிறவர் இல்லை. "பொண்டாட்டியைக் காப்பாத்தச் சொல்றே. நல்ல புள்ளைதான், காப்பாத்து. நெடுக்குக் கோடு குறுக்குக் கோடாவாது" என்றார். மாமியும் தலையை ஆட்டினார்.

அவர் சிரித்துக்கொண்டே பறவையை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் வாலை விசிறியாக விரித்துப் பார்த்தார். "அத்தா, உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். எறகு வளர்ற நாள்ல ஒரு நாள் தீனி தவறுச்சுன்னாலும் அந்த எடத்துல மெல்லிசா ஒரு கோடு விழுந்துரும், தறி நின்ன எடத்துல துணியில விழற மாதிரி. அப்புறம் அழியவே அழியாது. இதைப் பாருங்க, எவ்வளவு சுத்தம். இதையும் பாருங்க. இவ ஒரு நாளும்..."

பேச்சு நின்றது. கடைசியாக முளைத்த நடு இறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து உற்றுப் பார்த்தார். இரண்டிலும் ஒரே உயரத்தில், தலைமுடி கனத்தில் வெளிறிய ஒரு கோடு ஓடியது.

"இது என்னிக்கு?" என்று என்னைக் கேட்டார். "ஒரு மாசம் இருக்கும். அன்னிக்கு முழுக்க இது பட்டினி."

என்றைக்கு என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லக் கூடாது என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம்.

மாமிதான் சொன்னார். "கம்பத்துக்கு எறங்கற மலையில ஏலக்காய் லாரி உருண்டுருச்சு, நீ அதுலதான் வந்தேன்னு ஒருத்தன் வந்து சொன்னான் தம்பி. மறுநா மத்தியானந்தான் அது நீயில்லைன்னு தெரிஞ்சுது. அது வரைக்கும் இந்த ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கலை." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு நான் வெறும் தரையில் கிடந்தேன். கொட்டகை என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவில்லை.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

மாமனார் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். குனிந்து, அந்த இரண்டு இறகையும் துணி பார்ப்பதுபோல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். விரலை வைத்துக் கோட்டைத் தடவினார்.

"வெளிப் பறவைக்கு அன்னிக்கு என்ன வந்துது? அது பாட்டுக்குத் தின்னுட்டு இருந்திருக்கும்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அன்னிக்குப் பட்டினி கெடந்ததுன்னா இது நம்ம ஊட்டுதுதான் கண்ணு."